தொண்ணூற்றாறு பக்கமும் ஏழு கோப்பைகளும்

இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஒன்று, முப்பது நாளுக்குள் ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்றுக்கொள்வது. இரண்டு, அதை என் மனைவிக்குத் தெரியாமல் கற்றுக்கொள்வது. முதலாவது கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நான் பம்பு உதிரிபாகக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கிறவன். பத்தொன்பது வருடமாக எனக்கு ஜன்னலோர நாற்காலி. அந்த நாற்காலியில் என் மனைவி தைத்துக் கொடுத்த ஒரு திண்டு. மேசையில் ஒரு கணினி. அதற்குள் நானே எழுதிய புரோகிராம், நானூற்றுப் பன்னிரண்டு வரி. பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு முடித்துக்கொண்டவன் நான். முந்தைய மேலாளர் காட்டிக் கொடுத்ததை வைத்து வரி வரியாகக் கட்டினேன். விஷயம் சுலபம். ஒரு பெட்டி, அதில் ஒரு எண். சாமான் வந்தால் கூட்டு. போனால் கழி.

ஒரு நாள் நானும் ஏணியும் ஒரே சமயத்தில் அந்த எண்ணில் கை வைத்துவிட்டோம். ஏணி என்பது ஆள்தான். மேல் தட்டில் இருப்பதை நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். நான் கழித்தேன், அவனும் கழித்தான். அறுநூறு பேரிங் இருந்த கணக்கில் மைனஸ் நாற்பது என்று வந்தது. இல்லாததற்கும் கீழே இன்னும் நாற்பது இல்லை. அந்த நாற்பதை அலமாரி அலமாரியாகத் தேடிய ஒரே மனிதன் நான்தான்.

புது மேலாளர் எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார். சத்தமே போடாத அம்மாள். சத்தம் போடுகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை. அவர்களுக்குத் தொண்டை வலிக்கும், நிறுத்திவிடுவார்கள். மெதுவாகப் பேசுகிறவர்கள் நிறுத்தவே மாட்டார்கள்.

"இனிமே எண்ணை அழிச்சு அழிச்சு எழுத வேண்டாம். பழசை அப்படியே விட்டுட்டுப் புதுசா ஒண்ணு உண்டாக்குங்க. ஒரு கேள்வியை எப்போ கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், ஒரே பதில்தான் வரணும். இதுக்குப் பேருதான் ஃபங்ஷனல் புரோகிராமிங். முப்பதாவது நாள் பரீட்சை. நூத்துக்கு நாப்பது எடுத்தா போதும்."

"எடுக்கலைன்னா மேடம்?" இது நான்.

"கீழ்த்தளத்துல பழைய இரும்பு எடை போட ஆள் வேணும்," என்றார், இன்னும் மெதுவாக.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. நாற்காலியும் கிடையாது. நாற்காலி இல்லாத இடத்துக்குத் திண்டு எதற்கு? திண்டு வீட்டுக்கு வந்துவிடும். வந்தால் மனைவி பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். இரண்டு வருடம் முன்பு, வாடிக்கைக்காரர்களின் அளவுகளைக் கணினியில் போட்டு வைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன்: "அதெல்லாம் உனக்கு ஏறாது. அதுக்குன்னு ஒரு மூளை வேணும்." அவள் "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தொரு வருட இல்லறத்தில் அவள் அந்த மாதிரி "சரிங்க" சொன்னது நாலே தடவை. முதல் மூன்றுக்கும் நான் அனுபவித்தாகிவிட்டது. நாலாவது பாக்கி நின்றது.

மேலாளர் போகும்போது அலமாரியில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்தார். "இது ஒண்ணு போதும். ஏழு பேரும் மாத்தி மாத்திப் படிங்க."

அவர் படி இறங்குவதற்குள் புத்தகம் என் பையில் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு பக்கம். படம் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், "இதை நீங்களே செய்து பாருங்கள்." இருபது பக்கம் புரட்டினேன், இருபது தடவையும் என்னையே செய்யச் சொன்னது. அதையெல்லாம் நானே செய்வதென்றால் புத்தகம் எதற்கு? தவிர, நானூற்றுப் பன்னிரண்டு வரி எழுதியவனைத் தொண்ணூற்றாறு பக்கத்தில் மாற்றிவிட முடியுமா? பெரிய வியாதிக்குப் பெரிய மருந்து வேண்டாமா?

அலமாரியில் திருப்பி வைத்திருக்கலாம். வைத்தால் மற்ற ஆறு பேரும் படித்துவிடுவார்கள். என் மனைவியின் கட்டிங் மேசைக்கு ஒரு கால் ஒன்பது மில்லிமீட்டர் குட்டை. பதினோரு வருடமாகச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அளந்தேன். சரியாக ஒன்பது மில்லிமீட்டர். காலுக்கடியில் செருகினேன். மேசை பாறை மாதிரி நின்றது.

"அடேயப்பா!" என்றாள். "பதினோரு வருஷம் ஆடினது நின்னுடுச்சே! என்னங்க திடீர்னு?"

"சும்மாதான்," என்றேன்.

என்னை ஒரு நொடி பார்த்தாள். அந்த ஒரு நொடி எனக்கு நீளமாக இருந்தது.

மறுநாள் தொடங்கியது என் திட்டம். மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு நடைப்பயிற்சி என்று கிளம்புவேன். ஏழு ஐந்துக்குத் திரும்புவேன். நடப்பது நூற்று முப்பது தப்படி. அங்கே ஒரு பூங்கா, அதில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து கைபேசியில் பாடம்.

"ஏங்க, திடீர்னு எதுக்கு நடை?"

"சர்க்கரை வந்துடக் கூடாது பாரு."

முதலில் எங்கே படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நான் எதையும் எண்ணாமல் தொடங்குகிறவன் அல்ல. ஒரு நோட்டுப் போட்டேன். மேலே "எங்கே படிக்கலாம்" என்று எழுதி, கட்டம் கட்டி, கிடைத்ததையெல்லாம் பதிந்தேன். புத்தகம், காணொளி, இலவச வகுப்பு, யாரோ யாருக்கோ எழுதிய பதில். ஒவ்வொன்றுக்கும் பக்கம் எத்தனை, மணி எத்தனை, சொல்லித்தருகிறவர் சிரிக்கிறாரா இல்லையா. கடைசிக் கட்டம் "பயம், பத்துக்கு".

பத்தாம் நாள் முப்பத்தொன்று சேர்ந்தது. இருபதாம் நாள் ஐம்பத்திரண்டு. ஒன்றில் ஆறு நிமிடம் பார்ப்பேன். புரியாது. இதைவிட நல்லது எங்கோ இருக்கிறது என்று அடுத்ததைத் தேடுவேன். எல்லோரும் தொடங்கும்போது "இது ரொம்ப சுலபம்" என்றார்கள். சுலபம் என்று சொல்கிறவரிடம் எனக்குக் குலை நடுங்கும். கஷ்டம் புரியவில்லை என்றால் மரியாதை உண்டு. சுலபம் புரியவில்லை என்றால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

மோனாட் என்று ஒன்று வந்தது. ஒருவர் அதைப் பெட்டி மாதிரி என்றார். ஒருவர் குழாய் மாதிரி என்றார். ஒருவர் தண்டவாளம் மாதிரி, இன்னொருவர் உறை மாதிரி. பதினொரு மாதிரிகளை எண்ணினேன். என் கிடங்கில் பெட்டி, குழாய், உறை மூன்றும் இருக்கின்றன. அன்றிலிருந்து அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

ஒரே ஒரு பாடம் மட்டும் பிடித்தது. யாராவது விடையைக் கேட்கும்வரை கணக்கைப் போடாமலே வைத்திருக்கலாமாம். கேட்டால்தான் போட வேண்டுமாம். இப்படியொரு நல்ல பழக்கம் கணினிக்கு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் பயம் இரண்டு என்று போட்டேன்.

ஏழாம் நாள் வீடு திரும்பினேன். சமையலறையில் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஈரம் காயவில்லை. எண்ணினேன். ஏழு.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

"யாராவது வந்தாங்களா?"

"துணி தைக்க வந்தாங்க."

"ஏழு பேரா?"

"ஒரே குடும்பம்."

எட்டாம் நாளும் ஏழு. ஒன்பதாம் நாளும் ஏழு. எந்தக் குடும்பம் தினமும் துணி தைக்கும்? ஒன்பதாம் நாள் கட்டிங் மேசையின் காலைப் பார்த்தேன். புத்தகம் இல்லை. மடித்த அட்டை இருந்தது.

"அதுக்கடியில ஒரு புத்தகம் வெச்சேனே?"

"அதுவா? கால் அழுந்தி நடுவுல குழி விழுந்துடுச்சு. பாவமா இருந்துச்சு. எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கேன்."

பத்திரமாக இருக்கிறது என்றதும் நிம்மதி. அந்த ஆறு பேர் கையில் சிக்காது.

ஆனால் ஏழு கோப்பை என் மண்டையைக் குடைந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். நோட்டை ஒளித்து வைக்கிறேன். மாலையானால் தலைவாரிக்கொண்டு கிளம்புகிறேன். இதையெல்லாம் ஒரு மனைவி கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்? எனக்கு வியர்த்தது. அவளுக்கு அண்ணன்மார் நாலு பேர். நாலு பேரும் லாரிப் பட்டறை வைத்திருக்கிறவர்கள். டயரை ஒரு கையால் தூக்குவார்கள். அண்ணன்மார் நாலு, அண்ணிமார் இரண்டு பேர், இவள் ஒன்று. ஏழு!

கணக்கு மிகச் சரியாக வந்தது. என் வாழ்க்கையில் கணக்கு சரியாக வந்ததற்காக நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்குப் போய் மெதுவாக ஆழம் பார்த்தேன்.

"உங்க அண்ணனுங்க யாராவது வந்தாங்களா?"

கத்தரியை நிறுத்தினாள். "ஏன், வரணுமா?"

"இல்ல இல்ல! வேண்டாம்!"

"வரச் சொல்ற மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"நானா? நான் நடக்கத்தானே போறேன்!"

"எதுக்குன்னுதான் கேக்கறேன்."

"முழங்கால் வலிக்கு."

கத்தரி மறுபடியும் நடந்தது. கறக், கறக் என்று. அந்தச் சத்தம் அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

கோடு போடும் தையல் சாக், பெட்டிக்கு இருபத்துநாலு. ஒரு மாதம் வரும். இந்தத் தடவை ஒன்பது நாளில் தீர்ந்தது. கறுப்பு லைனிங் துணி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதில் வட்டங்கள், வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புகள்.

"இது என்ன?"

"கால்சட்டை."

எத்தனை கால் உள்ள கால்சட்டை என்று கேட்க வாய் வரவில்லை. என்னைப் பிடித்து எந்த வழியாகக் கொண்டு போவது என்று நாலு அண்ணன்மாரும் போட்ட வரைபடம் என்றே நினைத்தேன். வாசலில் தொடங்கி ஒரு அம்பு நேராகப் பூங்காப் பக்கம்தான் போனது.

இதற்கு நடுவே கிடங்கில் வேறு விசித்திரம். முதல் வாரம் என்னைப் போலவே வெளிறிக் கிடந்த ஆறு பேரும் தெளிந்துவிட்டார்கள். பெட்டி கட்டுகிறவர் விசில் அடித்தார். லேபிள் ஒட்டுகிற தங்கை சாப்பாட்டு வேளையில் காகிதத்தில் வட்டம் போட்டுச் சிரித்தாள். பாவம், பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலும் அதே பரிதாபம் இருந்தது.

இருபத்துநாலாம் நாள் கால்மணி தாமதமாகக் கிளம்ப நேர்ந்தது. எங்கள் தெருமுனையில், மதில் சுவருக்கு மேலே ஒரு தலை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் தலை வைத்திருக்கிறவன் ஒருவன்தான்.

"ஏணி! இங்க என்னடா?"

"அண்ணே! அது... நூல் வாங்க வந்தேண்ணே."

"உன் வீடு ஊருக்கு அந்தக் கோடியாச்சே. நூலுக்கு இவ்வளவு தூரமா?"

"இங்கதான் நல்லா கிடைக்குதுண்ணே. நீங்க எங்க?"

"நடக்க."

"எதுக்குண்ணே நடை?"

"தொப்பைக்கு."

இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் பிரிந்தோம். அவனும் மாட்டிக்கொண்டு முழிக்கிறான், ஏதோ ஒளிக்கிறான் என்று தெரிந்தது. யார்தான் ஒளிக்கவில்லை?

இருபத்தொன்பதாம் நாள் என் நோட்டில் அறுபத்துமூன்று இருந்தது. பயத்தின் கூட்டுத் தொகை நானூற்று எழுபத்தெட்டு. சராசரி ஏழரைக்கு மேல். முழுதாகப் படித்து முடித்தது பூஜ்யம்.

பரீட்சை வந்தது. ஐந்து கேள்வி. முதல் கேள்வி: "நீங்கள் எவற்றிலிருந்து கற்றீர்கள்? குறிப்பு எழுதுக." எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அறுபத்துமூன்றையும் எழுதினேன், பக்கம், மணி, சிரிப்பு உட்பட. கூடுதல் தாள் நாலு வாங்கினேன். மற்ற ஆறு பேரும் அந்தக் கேள்விக்கு ஒரே வரி எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஐயோ பாவம்! மீதி நாலு கேள்விகளுக்கு இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. கேட்டால்தானே கணக்குப் போட வேண்டும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தார்கள். எனக்குப் போடத் தெரியவில்லை, தோன்றியதை எழுதி வைத்தேன்.

மேலாளர் அன்றே திருத்தினார். எங்களை வரிசையாக நிற்க வைத்து வாசித்தார். ஏணி, தொண்ணூற்றொன்று. லேபிள் தங்கை, தொண்ணூறு. பெட்டிக்காரர், எண்பத்துநாலு. மற்ற மூன்று பேரும் எழுபதுக்கு மேலே. பிறகு என்னைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு. அதுலயும் இருபது, முதல் கேள்விக்கு. அறுபத்துமூணு இடத்துல படிச்சிருக்கீங்க. இவங்க ஆறு பேரும் ஒரே புத்தகம்னு எழுதியிருக்காங்க. ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. எந்தப் புத்தகம்?"

ஏணி குனிந்தான். குனிந்தும் எங்களைவிட உயரமாகத்தான் இருந்தான். "நீங்க வெச்ச மெலிசுப் புத்தகம்தான் மேடம். நடுவுல ஒரு குழி இருக்கும்."

"குழியா? அதை நான் வெச்ச அன்னிக்கே காணோமே. மாசம் முழுக்கத் தேடறேன். யார்கிட்ட இருந்துச்சு?"

"அண்ணிகிட்ட மேடம். அவங்கதான் எங்களுக்குத் தினமும் ஆறு மணிக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

"யாரோட அண்ணி?"

பன்னிரண்டு கண்கள் என் பக்கம் திரும்பின.

மேலாளர் குரல் இருப்பதிலேயே மெல்லியதாக வந்தது. "வாத்தியார் உங்க வீட்டுலதான் இருந்திருக்காங்க. நீங்க எங்க போய்ப் படிச்சீங்க?"

"பூங்கா பெஞ்சுல, மேடம்."

நாற்காலிக்கு இன்னும் பதினைந்து நாள் தந்தார். மறு பரீட்சை. அதிலும் நாற்பது வராவிட்டால் பதினாறாம் நாள் கீழ்த்தளம். திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கையில் எதையாவது பிடித்துக்கொண்டால் தேவலை போல இருந்தது.

அவள் கட்டிங் மேசையில் இருந்தாள். பக்கத்தில் புத்தகம். நடுவில் வட்டமாகக் குழி. நிமிர்ந்து பார்த்தாள். திண்டைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தெட்டு."

"ம்."

"எப்போலேருந்து தெரியும்?"

"அஞ்சாம் நாளிலேருந்து. நீங்க நடக்கப் போனப்போ உயரமா ஒரு தம்பி வந்துச்சு. 'அண்ணி, அண்ணன் ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்தாரா'ன்னு கேட்டுச்சு. நான் மேசைக்கடியில குனிஞ்சு எடுத்துக் கொடுத்தேன். 'படிச்சாப் புரியலையே அண்ணி'ன்னுச்சு. சரி, கொடு பார்க்கலாம்னு வாங்கிப் பார்த்தேன்."

"உனக்கு... உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

அவள் சுவரில் மாட்டியிருந்த சட்டை அட்டையைக் காட்டினாள். "இது மூல அட்டை. யாருக்குத் தைச்சாலும் இதை நான் வெட்டுவேனா? இது மேல தாளை வெச்சு வரைஞ்சு, அந்தத் தாளைத்தானே வெட்டறேன்? இதே அளவைக் கொடுத்தா என்னிக்கும் இதே சட்டைதானே வரும்? முப்பது வருஷமா இதைத்தான் செய்யறேன். இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது."

நான் திண்டை நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு ஏன் வரலைன்னும் தெரியும்," என்றாள். "ஒரே கேள்விக்கு ஒரே பதில் வரணும். 'எதுக்கு நடை'ன்னு இருபத்தெட்டு நாளும் கேட்டேன். சர்க்கரைன்னீங்க. தொப்பைன்னீங்க. ஒரு நாள் முழங்கால் வலிக்குதுன்னு நடந்தீங்க. மறுநாள் முழங்கால் வலி போயிடுச்சுன்னு நடந்தீங்க. எண்ணி வெச்சிருக்கேன். இருபத்தொரு விதம்."

முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டில் எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஏழு கோப்பையைப் பார்த்து உங்க அண்ணனுங்கன்னு பயந்தேன்."

"தெரியும். அதுக்குத்தான் நானும் கழுவி, காய விடாம உங்க கண்ணுல படற மாதிரி கவுத்து வெச்சேன்."

"அப்போ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? என் வேலை போகப் பார்த்துதே!"

புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். குழி விழுந்த பக்கம். "நாப்பத்தேழாம் பக்கம். யாராவது கேட்டாத்தான் கணக்கு போடணும். கேக்கற வரைக்கும் சும்மா இருக்கணும். நீங்க கேக்கவே இல்லையே."

"உனக்கு ஏறாதுன்னு சொன்னவன் எப்படிக் கேப்பான்?"

"சரிங்க," என்றாள்.

ஐந்தாவது.

வெளியில் இருட்டவில்லை இன்னும். ஜன்னலைப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் அது இல்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

"எனக்கும்... சொல்லித் தருவியா?"

"இருபத்தஞ்சு நாளா இந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன்," என்றாள். "நாளைக்கு ஆறு மணிக்கு அந்தத் தம்பி தங்கச்சிங்களும் அடுத்த பாடத்துக்கு வராங்க. கடைசி ஸ்டூல்ல உக்காருங்க. நோட்டு வேண்டாம்."

மறுநாள் மாலை எங்கள் வீட்டில் எட்டு கோப்பைகள் கவிழ்ந்தன. எட்டையும் கழுவியவன் நான்.